அரசாங்கம் பிணை நிற்கும் கடன்கள்

ஒருவன் கடன் வாங்குகிறான்; மற்றொருவன் அவனுக்காகப் பிணை நிற்கிறான். நம் ஊர்களிலுள்ள கூட்டுறவுச் சங்கங்களில் நாடோறும் நிகழும் காரியம் இது. பிணை நிற்பவர் பெரும்பாலும் நல்லவர், மாதச் சம்பளக்காரர், நண்பன் முகத்தைப் பார்த்து மறுக்கமாட்டாதவர். பத்திரத்தின் அடியிற் கையெழுத்திட்டு, நண்பன் வாங்கிக் கொடுத்த காப்பியை அருந்திவிட்டு வீடு திரும்புகிறார். அன்றிரவு அவர் வீட்டுக் கணக்கு எழுதுவாராயின், கறிகாய்க்குக் கொடுத்த காசும் பாலுக்குக் கொடுத்த காசும் அதில் ஏறும். தாம் இட்ட கையெழுத்து ஏறாது. அன்று அவர் கையைவிட்டு ஒரு காசும் போகவில்லை யன்றோ? சில ஆண்டுகள் கழித்து, நண்பன் ஊரைவிட்டுப் போன பிறகே அக்கையெழுத்தின் விலை இன்னதென்று அவருக்கு விளங்குகிறது. அதுவும் மகளின் திருமணத்திற்கென்று சிறிது பொருள் சேர்ந்திருக்கும் சமயமாகப் பார்த்து விளங்குகிறது.

அரசாங்கங்களும் இவ்வாறு கையெழுத்திடுவதுண்டு. அவற்றின் கையெழுத்து நம்முடையதினும் பன்மடங்கு பெரிது. மேலும், நம் நண்பர் விஷயத்தில் கையெழுத்திட்டவரே பணத்தைக் கொடுக்கிறார். அரசாங்கத்தின் விஷயத்திலோ கையெழுத்திடுபவர் ஒரு மந்திரி, கொடுப்பவர் பல ஆண்டுகளுக்குப் பின் வரும் வரி செலுத்துவோர். இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுவது இவ்வகைக் கடன்களையே. ஒரு நிகழ்ச்சி நேர்ந்தால் மாத்திரம் கொடுக்கவேண்டிய பொறுப்பாதலின், இதனை நேர்வுப் பொறுப்பு என்று வழங்குவோம். அரசாங்கம் தானே வாங்கிய கடனுக்கு வட்டி கொடுப்பதும், ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர்க்கு உபகாரச் சம்பளம் அளிப்பதும் நிச்சயமானவை. இவை வரவு செலவுத் திட்டத்தில் ஆண்டுதோறும் இடம் பெறும். நேர்வுப் பொறுப்போ நேரும் வரையில் எவ்விடத்தும் தோன்றுவதில்லை.

இப்பொருள் பற்றி 1998-ஆம் ஆண்டில் உலக வங்கியைச் சார்ந்த ஹானா பொலாக்கோவா என்னும் அம்மையார் எழுதிய ஆராய்ச்சி, கற்பார்க்கு மிகவும் பயன்படுவது. அரசாங்கத்தின் பொறுப்புக்களை நிச்சயமானவை, நேர்ந்தால் வருபவை என ஒரு முறையிலும், எழுத்தில் உள்ளவை, எழுதாதவை என மற்றொரு முறையிலும் அவர் பிரித்தார். எழுதாத பொறுப்பு என்பது யாது? 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் கடல் பொங்கி நாகப்பட்டினக் கரையை அழித்தது. அவ்வூர் மீனவர்க்கு, கடல் பொங்கினால் வீடு கட்டித் தருவோம் என்று எந்த அரசாங்கமும் முன்னரே பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கவில்லை. ஆயினும் அன்று அரசாங்கம் கைகட்டி நின்றிருத்தல் கூடுமோ? கூடாது என்பதை நாடு முழுவதும் அறியும். பெரிய வங்கி ஒன்று முறியும்போதும் நிலைமை இத்தகையதே. எழுதிய பிணையைக் காட்டிலும் எழுதாத பிணை அளவிடற்கு அரிது. அதனை மறைத்தலோ மிக எளிது.

இனி, எழுதிய பிணை ஒன்று எவ்வாறு வேலை செய்தது என்பதை நம் நாட்டுச் சரித்திரத்தினின்றே காண்போம்.

1849-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 17-ஆம் நாள் கிழக்கிந்தியக் கம்பெனியார் இரண்டு ரெயில்வே கம்பெனிகளுடன் உடன்படிக்கை செய்துகொண்டனர். ஒன்று கல்கத்தாப் பக்கத்தைச் சார்ந்த கிழக்கிந்திய ரெயில்வே. மற்றொன்று பம்பாயைச் சார்ந்த கிரேட் இந்தியன் பெனின்சுலா ரெயில்வே. இங்கிலாந்திலுள்ள செல்வர்கள் பங்கு வாங்கி முதல் போடவேண்டும். இருப்புப்பாதைக்கு வேண்டிய நிலத்தை அரசாங்கம் இலவசமாகத் தரும். பாதையினின்று கிடைக்கும் வருமானம் எவ்வளவு குறைந்தாலும், போட்ட முதலுக்கு நூற்றுக்கு 5 வீதம் வட்டி கிடைக்கும்படி குறையை அரசாங்கம் நிறைவு செய்யும். வருமானம் 5 வீதத்தைத் தாண்டினால், அம்மேல் வருமானத்திற் பாதி அரசாங்கம் முன் கொடுத்த வட்டியைத் தீர்க்கச் செல்லும். மறு பாதி பங்குதாரரைச் சேரும். இவற்றிற்கெல்லாம் மேலாக, ஆறு மாத முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுக் கம்பெனி தன் பாதையை அரசாங்கத்தினிடம் ஒப்புவித்து, செலவிட்ட முதல் முழுவதையும் திருப்பிக் கேட்கவும் உரிமை பெற்றிருந்தது. இவ்வுடன்படிக்கையை ஒரு முறைக்கு இரு முறை படித்துப் பார்த்தல் நன்று. வாணிகத்தில் நஷ்டம் என்று ஒன்றுண்டு. அச்சொல்லுக்கு இங்கே பங்குதாரர் பக்கத்தில் இடமேயில்லை.

1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் பம்பாயினின்று தாணாவுக்கு முதல் பிரயாணிகள் வண்டி ஓடிற்று. தென்னாட்டில் 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்திற்கும் வாலாஜா ரோடுக்கும் இடையே சென்னை ரெயில்வேயின் முதற் பாதை திறக்கப்பட்டது. நாகப்பட்டினத்தினின்று தஞ்சை வழியாகத் திருச்சிராப்பள்ளிக்குப் போகும் பாதை பிறகு வந்தது. இவையும் பிணைபெற்ற கம்பெனிகளின் வேலையே.

பாதைகள் வந்தன, உண்மை. என்ன விலைக்கு வந்தன என்பதே கேள்வி. மைல் ஒன்றிற்கு 8,000 பவுன் செலவாகலாம் என்று தொடக்கத்தில் மதிப்பிட்டிருந்தனர். முடிவில் ஆன செலவு அதனினும் இரு மடங்கிற்கு மேற்பட்டது. இந்தியாவில் நிதி மந்திரியாயிருந்த வில்லியம் மாஸ்ஸி என்பார் 1872-இல் பார்லிமெண்டுக் கமிட்டியின் முன் சாட்சி சொன்னபோது இதன் காரணத்தை ஒளிவின்றி எடுத்துரைத்தார். தம் பணம் செங்கல்லும் சுண்ணாம்புமாக மாறினாலும், ஹுக்ளி நதியில் கொட்டப்பட்டாலும், இந்திய வருவாயினின்று 5 வீதம் தவறாது வரும்வரை இங்கிலாந்து முதலாளிக்கு இரண்டும் ஒன்றே என்பது அவர் சொன்னதன் கருத்து. வைசிராயாயிருந்த லாரன்ஸ் பிரபுவும் தம் பதவியின் இறுதிக் காலத்தில், இலாபமெல்லாம் கம்பெனிக்கு, நஷ்டமெல்லாம் அரசாங்கத்திற்கு என்னும் இம்முறையைக் கண்டித்து எழுதினார். அரசாங்கம் மேற்பார்வைக்கு எஞ்சினீயர்களை நியமிக்காமலில்லை. ஆனால், செலவைக் குறைப்பதனால் தனக்கு ஒரு பயனும் இல்லை என்றறிந்த ஒருவனைப் பிறர் மேற்பார்வையிட்டு எவ்வளவு தூரம் திருத்த முடியும்?

வட்டி பவுனிற் கொடுக்க வேண்டியிருந்தமை இரண்டாவது தீங்கு. உடன்படிக்கை எழுதிய காலத்தில் இதனை யாரும் பெரிதாக நினைத்ததாகத் தோன்றவில்லை. 1870-ஐ ஒட்டி ஒரு ரூபாய் ஏறக்குறைய 2 ஷில்லிங் பெற்றது. பின்னர் உலகத்தில் வெள்ளியின் விலை வீழ்ந்தது. 1894-இல் ரூபாய் 1 ஷில்லிங் 1 பென்ஸ் அளவுக்கு இறங்கியது. மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். லண்டனில் ஒரு லக்ஷம் பவுன் வட்டி கொடுக்க, முன்பு 10 லக்ஷம் ரூபாய் போதுமானதாயிருந்தது. பின்பு 18 லக்ஷத்திற்கும் மேல் வேண்டியதாயிற்று. பாதையில் ஒரு வண்டியும் குறையவில்லை. ஒரு பிரயாணியும் குறையவில்லை. பிணையின் பாரம் மட்டும் தானே வளர்ந்தது.

அப்பாரத்தைச் சுமந்தவர் யாவர்? அக்காலத்து அரசிறையின் முதுகெலும்பு நிலத்தீர்வை. 1876 முதல் 1878 வரை சென்னை இராஜதானியைப் பெரும் பஞ்சம் வாட்டியபோதும் லண்டனில் வட்டி தவறாது கொடுக்கப்பட்டது. கொடுக்கப்படவும் வேண்டும், கையெழுத்து அத்தகையது. இருப்புப்பாதைகளுக்குக் கொட்டும் பணத்திற் சிறு பகுதியையேனும் கால்வாய்களுக்குச் செலவிடுக என்று, காவிரியிலும் கோதாவரியிலும் அணை கட்டிப் புகழ்பெற்ற ஆர்தர் காட்டன் துரை ஓயாது வாதாடினார். அவர் வாதத்தில் மிகையும் உண்டு. ஆயினும் கால்வாய்க்குரிய பணம் ஆண்டுதோறும் கண்முன்னே செலவாக எழுதப்பட்டு விவாதிக்கப்பட்டது என்பதையும், ரெயில்வேப் பிணை ஒரே முறை கையெழுத்தாகி அதன்பின் விவாதத்திற்கு அப்பாற் சென்றுவிட்டது என்பதையும் நாம் மறத்தலாகாது. 1900-ஆம் ஆண்டை ஒட்டியே ரெயில்வேக்களால் அரசாங்கத்திற்கு மொத்தத்தில் இலாபம் வரத் தொடங்கியது. சென்னை ரெயில்வேயின் உடன்படிக்கை 1907-ஆம் ஆண்டு இறுதியில் முடிவுற்றது.

பிணையே தீது என்று நாம் கூறவில்லை. பிணையின்றி அன்று அவ்வளவு முதல் கடல் கடந்து வந்திருக்குமா என்பது ஐயமே. உழவர் சங்கத்திற்கும், வீடு கட்டுவோர்க்கும், புதிய தொழிலுக்கும் அரசாங்கத்தின் ஒரு சொல் வட்டியைக் குறைத்து வழி திறக்கிறது. குற்றம் பிணையின் உருவத்தில் இருந்தது: முழுத் தொகைக்கும் பிணை, உச்ச வரம்பு இல்லை, கட்டணம் இல்லை, நஷ்டத்திற் கம்பெனிக்குப் பங்கு இல்லை, நாணயமோ பிறநாட்டு நாணயம்.

இவை பழங்கதை என்று கருதுவாரும் இருக்கலாம். அவர்கள் 1993-இல் மகாராஷ்டிர மின்சார வாரியம் தாபோல் மின் நிலையத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தை எடுத்துப் பார்க்கட்டும். அங்கும் விலை டாலரோடு பிணைக்கப்பட்டிருந்தது. மாநிலம் பிணை நின்றது. அம்மாநிலத்திற்கு மத்திய அரசாங்கம் பிணை நின்றது. 2001-இல் பணம் கொடுபடாமல், பிணையைக் காட்டிக் கேட்கும் நிலை வந்தது. பவுன் போய் டாலர் வந்ததன்றி, உடன்படிக்கையின் சாயல் மாறவில்லை.

ரெயில்வேப் பிணை மெல்ல உறிஞ்சிற்று. ஒரே இரவில் விழுங்கிய பிணையும் உண்டு. அது அயர்லாந்தில் நிகழ்ந்தது. 2007-இல் அந்நாட்டு அரசாங்கத்தின் கடன், நாட்டு உற்பத்தியில் நூற்றுக்கு 25 என்னும் அளவிலேயே இருந்தது. ஐரோப்பாவில் இத்துணைச் சீரான கணக்குடைய நாடுகள் சிலவே. ஆனால் அந்நாட்டு வங்கிகள் வீடு, மனை வாணிகத்திற்கு அளவிறந்து கடன் கொடுத்திருந்தன. 2008-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் நாள் இரவு வங்கித் தலைவர்கள் அரசாங்கத்தை நாடி வந்தனர். பொழுது விடிவதற்குள் ஆறு வங்கிகளின் வைப்புக்களுக்கும் பெரும்பான்மையான கடன்களுக்கும் அரசாங்கம் பிணை நின்றுவிட்டது. தொகை ஏறக்குறைய 44,000 கோடி யூரோ. நாட்டின் ஓராண்டு உற்பத்தியினும் இரு மடங்கிற்கு மேல். வங்கிகளுக்குத் தற்காலிகப் பண நெருக்கடியே உள்ளது, அடிப்படை உறுதியானது என்று அன்று சொல்லப்பட்டது. அடிப்படையே இற்றிருந்தது என்பது பிறகு தெரிந்தது. வங்கிகளைத் தூக்கி நிறுத்த ஏறக்குறைய 6,400 கோடி யூரோ சென்றது. 2010-இல் வரவு செலவுப் பற்றாக்குறை நாட்டு உற்பத்தியில் நூற்றுக்கு 30-ஐயும் கடந்தது. அவ்வாண்டு நவம்பரில் பிறரிடம் உதவிக் கடன் கேட்க நேர்ந்தது. ஆசிரியர், செவிலியர் முதலியோரின் ஊதியம் குறைந்தது. இளைஞர் பலர் நாட்டைவிட்டுப் போயினர். அவர்கள் அந்த இரவில் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்திட்டவர்கள் அல்லர்.

இங்கே ஒரு சிறு கணக்கு வேண்டும்; கணக்கின்றி இப்பொருள் தெளிவாகாது. ஓர் அரசாங்கம் 20 நிறுவனங்களுக்குத் தலைக்கு 100 கோடி ரூபாயாக 2,000 கோடிக்குப் பிணை நிற்பதாகக் கொள்வோம். இருபதில் ஒன்று முறியும் என்றும், முறிந்த நிறுவனத்தின் சொத்தை விற்றுப் பாதிப் பணம் தேறும் என்றும் வைத்துக்கொள்க. எதிர்பார்க்கத்தக்க நஷ்டம் 50 கோடி. மந்திரி அவ்வைம்பது கோடியை அந்நிறுவனங்களுக்கு நன்கொடையாகக் கொடுக்க விரும்பினால் சட்டசபையின் சம்மதம் வேண்டும். உறுப்பினர் எழுந்து ஆயிரம் கேள்வி கேட்பர். அதே 50 கோடி நஷ்டத்தைத் தன்னுள்ளே கொண்ட 2,000 கோடிப் பிணைக்கோ, அவ்வாண்டு வரவு செலவுத் திட்டத்தில் ஒரு ரூபாயும் ஏறுவதில்லை. நேர் வழியினும் சுற்று வழியே அரசாங்கங்களுக்கு இனிப்பதற்குக் காரணம் இதுவே. இன்று இலவசமாகத் தோன்றுவதை யாரும் அளந்து செலவிடமாட்டார்.

கணக்கு இத்துடன் முடியவில்லை. இருபதில் ஒன்று என்பது சராசரி. மழை பொய்த்தால் ஒரு கூட்டுறவு ஆலை மட்டுமா நலியும்? எல்லா ஆலைகளும் நலியும். மனை விலை வீழ்ந்தால் ஒரு வங்கி மட்டும் விழுவதில்லை. நிறுவனங்கள் தனித்தனியே முறிவதாக எண்ணிச் சேர்த்து வைத்த 50 கோடி, அவை ஒருங்கே முறியும் ஆண்டில் எம்மூலைக்கும் போதாது. அவ்வாண்டிலேதான் வரி வருமானமும் சுருங்கும். நம் கூட்டுறவுச் சங்க நண்பரின் நிலையும் இதுவே: கடனாளி வேலையிழக்கும் காலமும் பிணையாளியின் சம்பளம் குறையும் காலமும் பெரும்பாலும் ஒன்றாக இருக்கும்.

ஆதலின் செய்யத்தக்கது யாது? பிணைக்கு விலை இடுதல் முதலாவது. ஸ்வீடன் நாட்டில், அரசாங்கம் பிணை நின்றால் எதிர்பார்க்கத்தக்க நஷ்டத்திற்குச் சமமான கட்டணம் வாங்கி அதனைத் தனிக் கணக்கில் சேர்த்து வைக்கின்றனர். அக்கட்டணத்தைக் கடன் வாங்குவோரிடம் குறைக்க எண்ணினால், குறைத்த பகுதியை வரவு செலவுத் திட்டத்தினின்று நேரே எடுத்துக் கொடுக்கவேண்டும். அவ்வளவில் மறைந்திருந்த நன்கொடை வெளிச்சத்திற்கு வந்துவிடுகிறது. இதனினும் சிறந்த முறையை நாம் அறியோம். நஷ்டத்திற் பங்கு இடுதல் அடுத்தது. கடன் கொடுக்கும் வங்கி தொகையில் ஐந்தில் ஒரு பங்கையேனும் தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்டால், கடனாளியின் தகுதியை அதுவே ஆராயும். மாஸ்ஸி சொன்ன ஹுக்ளி நதிக் கதை அங்கே நிகழாது. ஒருங்கே முறியும் ஆண்டிற்கு மருந்து, உச்ச வரம்பு ஒன்றே.

நம் நாட்டு அரசியற் சட்டத்தின் 292-ஆம் பிரிவு மத்திய அரசாங்கத்திற்கும் 293-ஆம் பிரிவு மாநிலங்களுக்கும் கடன் வாங்கவும் பிணை நிற்கவும் அதிகாரம் தருகின்றன. வரம்பு கட்டும் உரிமை பார்லிமெண்டுக்கும் சட்டசபைகளுக்கும் உரியது. வரம்பு கட்டியே தீரவேண்டும் என்று அச்சட்டம் வற்புறுத்தவில்லை. மத்திய அரசாங்கம் 2004-ஆம் ஆண்டு விதிகளால், ஓராண்டிற் புதிதாக நிற்கும் பிணை நாட்டு உற்பத்தியில் நூற்றுக்கு அரை வீதத்தைக் கடத்தல் ஆகாது என்று தனக்குத் தானே எல்லை வகுத்துக்கொண்டது. தமிழ்நாட்டின் 2003-ஆம் ஆண்டு நிதிப் பொறுப்புடைமைச் சட்டமும் பிணைகளுக்கு வரம்பு கூறுகிறது. பிணையை மீட்பதற்கென்று தனி நிதி வைத்தல் வேண்டும் என்று பன்னிரண்டாவது நிதிக் குழு பரிந்துரை செய்தது. ரிசர்வ் வங்கி நியமித்த குழு ஒன்றின் அறிக்கை 2024 ஜனவரியில் வெளிவந்தது. ஆண்டுக்கு நூற்றுக்குக் கால் வீதமேனும் கட்டணம் வாங்குக என்றும், எப்பெயரால் வழங்கினும் அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தும் எழுத்தெல்லாம் பிணையே எனக் கொள்க என்றும் அக்குழு கூறிற்று. பின்னையது மிக வேண்டுவதொரு பரிந்துரை. பிணைக்கு வரம்பு கட்டினால், ஆறுதற் கடிதம் என்று வேறு பெயரிட்டுக் கையெழுத்திடும் சாமர்த்தியம் உலகில் எங்கும் உண்டு.

எழுதாத பொறுப்புக்கு இவ்வரம்புகள் எட்டுவதில்லை. 2017-இல் மத்திய அரசாங்கத்தின் உதய் திட்டத்தின்படி, தமிழ்நாட்டு மின் பகிர்மானக் கழகத்தின் கடனில் 22,815 கோடி ரூபாயை மாநில அரசாங்கம் தன் தலைமேல் ஏற்றுக்கொண்டது. அடக்க விலைக்குக் குறைவாக மின்சாரம் விற்பது பல ஆண்டுகளாக நடந்தது. உழவர்க்கும் வீடுகளுக்கும் அது நன்மையாகவே தோன்றிற்று. குறைந்த விலையைக் கொடுத்தது கழகத்தின் கணக்கு. கழகத்தின் உடைமையாளரோ அரசாங்கமே. பத்திரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கடன் வந்து சேரும் வாசல் அதுவே. இத்தகைய நிறுவனங்களின் நஷ்டத்தை ஆண்டுதோறும் அவ்வப்போதே ஈடு செய்வதன்றி இதற்கு வேறு வழி நமக்குப் புலப்படவில்லை.

பொருளாதாரம் பயிலும் மாணவர்க்கு ஒரு வேலை கூறுவோம். இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் ஒவ்வொரு மாநிலத்திற்கும் ஆண்டுதோறும் நிதிக் கணக்குகள் என்னும் நூலை வெளியிடுகிறார். அது எல்லாரும் பார்க்கக் கிடைப்பது. மந்திரியின் வரவு செலவுப் பிரசங்கத்தை விட்டுவிட்டு, அந்நூலில் அரசாங்கம் நின்ற பிணைகளைக் காட்டும் அட்டவணையைத் திறக்க. ஆண்டின் தொடக்கத்தில் இருந்த பிணை எவ்வளவு, புதிதாகச் சேர்ந்தது எவ்வளவு, பணம் கொடுக்க நேர்ந்தது எவ்வளவு என்பவை அதில் வரிசையாக இருக்கும். பெறத்தக்க பிணைக் கட்டணம் என்று ஒரு பத்தியும், பெற்ற கட்டணம் என்று ஒரு பத்தியும் உண்டு. இவ்விரண்டிற்கும் உள்ள இடைவெளியை முதலிற் பார்க்க. கட்டணத்தையே கொடுக்க இயலாத நிறுவனங்கள் எவை என்பது அங்கே தெரியும். அவற்றின் பெயர்களைக் குறித்துக்கொண்டு, அடுத்த ஆண்டு நூலிலும் தேடிப் பார்க்க.